இதய சி.டி. ஸ்கான் ‘80 வீதம் அடைப்பு’ என்று சொன்ன பிறகு

இதயத்துக்கு எடுத்த சி.டி. ஸ்கான் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் கேட்க ஒருவரும் இல்லாமல் நித்திரை தொலைத்துக் கிடக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் இருக்கிற விஷயங்களை எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், அந்த ராத்திரிகளும் மிஞ்சியிருக்கும். நான் வைத்தியர் இல்லை. ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 56. வெள்ளவத்தையில் தனியாக இருக்கிறேன். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் மெல்பேர்னில். இங்கே சொல்வது எனக்கு நடந்ததும், அதற்குப் பிறகு இரண்டாவது வைத்தியரிடம் கேட்டும் வாசித்தும் நான் விளங்கிக்கொண்டதும்.

எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழுதாகி நாலாம் மாடிக்குப் படியேற வேண்டி வந்த நாட்களில்தான் முதலில் தெரிந்தது. இரண்டாம் மாடி தாண்டும்போது நெஞ்சில் ஒரு இறுக்கம், மூச்சு வாங்கும். கொஞ்ச நேரம் நின்றால் போய்விடும். அப்பா 58 வயதில் மாரடைப்பில் போனவர். அதனால் எனக்கு அந்த இறுக்கத்தை லேசாக எடுக்க முடியவில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணிக் காட்டினேன். ஈ.சி.ஜி., எக்கோ இரண்டும் நன்றாக இருந்தன. குடும்பத்தில் வருத்தம் இருப்பதால் கல்சியம் ஸ்கோர் ஒன்று செய்து பார்ப்போம் என்றார்கள். சரியென்று செய்தேன். ஊசி இல்லை, மருந்து இல்லை, சில நிமிடத்தில் முடிந்தது. ரிப்போர்ட்டில் 438 என்று இருந்தது. கீழே ‘400க்கு மேல்: மிக அதிகம்’ என்று ஒரு அட்டவணை. அந்த இலக்கத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. காலி வீதியில் ஓட்டோ பிடிக்கவே தெரியாமல் கொஞ்ச நேரம் பஸ் தரிப்பிடத்தில் இருந்தேன்.

அப்போது எனக்குத் தெரியாத முதல் விஷயம், ‘இதயத்துக்கு சி.டி.’ என்று பொதுவாகச் சொல்வது ஒரே மெஷினில் செய்கிற இரண்டு வேறு வேறு சோதனைகள் என்பது. ஒன்று நான் செய்த கல்சியம் ஸ்கோர். அகாட்ஸ்டன் என்ற அமெரிக்க வைத்தியரும் அவருடைய குழுவினரும் 1990இல் கொண்டுவந்த கணக்கு அது. இரத்தக்குழாய்ச் சுவரில் படிந்திருக்கிற கொழுப்பு காலப்போக்கில் சுண்ணாம்பு பிடித்துக் கெட்டியாகும். அந்தச் சுண்ணாம்பை மட்டும்தான் இந்த ஸ்கான் எண்ணுகிறது. குழாய் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்று அது சொல்லாது. 438 என்றால் 43 வீதமோ 80 வீதமோ அடைப்பு என்று அர்த்தமே இல்லை. என் வயதுப் பெண்ணுக்கு அது கூடுதலான இலக்கம்தான். வருங்காலத்தில் மாரடைப்பு வரும் ஆபத்து அதிகம், கொழுப்பைக் குறைக்கிற மருந்து கட்டாயம் வேண்டும் என்பதற்கு அது நல்ல சாட்சி. அவ்வளவுதான் அதனுடைய வேலை. மறுபக்கமும் இருக்கிறது: சுண்ணாம்பு பிடிக்காத மென்மையான படிவு இந்த ஸ்கானில் தெரியாது. பிறகு நான் வாட்டில் இருந்தபோது, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த ஒரு இளம் ஆள், நாற்பதைத் தொடவில்லை, சிகரெட் பழக்கம், ஒரு வருஷத்துக்கு முன் கல்சியம் ஸ்கோர் பூச்சியம் என்று ரிப்போர்ட் வாங்கியவர், மாரடைப்பு வந்து ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கிற சின்ன வலைக்குழாய்) வைத்துப் படுத்திருந்தார். பூச்சியம் என்பது ஐம்பது அறுபது வயதில், நோக்குறி இல்லாத ஆளுக்கு நல்ல செய்தி. வயது குறைந்தவர்களுக்கும், புகைக்கிறவர்களுக்கும், சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே நெஞ்சு நோ இருப்பவர்களுக்கும் அது முழு உத்தரவாதம் ஆகாது.

இரண்டாவது, சி.டி. அஞ்சியோகிராம். கையில் ஊசி குத்தி அயடீன் கலந்த மருந்தை ஏற்றி, குழாயின் உட்புறத்தையே படம் எடுப்பது. 438ஐப் பார்த்ததும் என்னை அதற்கு அனுப்பினார்கள். கல்சியம் ஸ்கோருக்குக் கொடுத்ததைப் போல் பல மடங்கு பணம். அந்தக் காலையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு வந்த குழப்பத்தின் பாதி அங்கேதான் தொடங்கியது. காலையில் வெறும் வயிறு. ஆனால் பிளேன்ரீ குடித்துவிட்டுத்தான் போனேன், தேத்தண்ணி கூடாது என்று என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. தேத்தண்ணி, கோப்பி இரண்டும் நாடித்துடிப்பைக் கூட்டும், முதல் நாள் இரவிலிருந்தே நிறுத்த வேண்டும். நாடி வேகமாக இருந்தால் இதயம் ஆடிக்கொண்டே இருக்கும், படம் கலங்கும். அதனால் துடிப்பு 60, 65க்குக் கீழே வரும் வரைக்கும் மெட்டோப்ரோலோல் மாதிரி ஒரு குளிசை கொடுத்துக் காத்திருக்க வைப்பார்கள். எனக்கும் ஒன்று தந்தார்கள். அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தபோது திரையில் 78. வெளியே கதிரைகள் நிரம்பியிருந்தன. ‘பரவாயில்லை, எடுப்போம்’ என்று உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நாக்குக்குக் கீழே ஒரு ஸ்பிரே அடித்தார்கள், உடனே தலை விண்ணென்று வலித்தது. மருந்து ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவி, சிறுநீர் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன். அது எல்லோருக்கும் வருகிற உணர்வு, உண்மையில் ஒன்றும் போவதில்லை. மெஷின் இங்கிலீஷில் மூச்சைப் பிடி என்றது, நான் அரைக்கணம் பிந்திப் பிடித்தேன்.

இதற்குப் போகிறவர்கள் சிலவற்றை முதலே கேட்டும் சொல்லியும் வைக்க வேண்டும். ஆஸ்துமா இருந்தால் துடிப்பைக் குறைக்கிற அந்தக் குளிசை ஒத்துவராமல் போகலாம், சொல்லுங்கள். ஆண்கள் வயாகரா வகை மருந்து எடுத்திருந்தால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும், நாக்குக்கடியில் அடிக்கிற ஸ்பிரேயோடு அது சேர்ந்தால் பிரஷர் அபாயமாக விழும். சிறுநீரகத்துக்கு கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை செய்த பிறகுதான் அயடீன் மருந்து ஏற்ற வேண்டும். மெட்ஃபோர்மின் எடுக்கிறவர்கள் அதை நிறுத்த வேண்டுமா என்று கேட்க வேண்டும். துடிப்பு இறங்கவில்லை என்றால், ‘இன்னும் ஒரு குளிசை தந்து பார்க்க முடியாதா, இல்லாவிட்டால் இன்னொரு நாள் வரட்டா’ என்று கேட்கிற உரிமை பணம் கட்டுகிற உங்களுக்கு இருக்கிறது. மாலைவரை காத்திருந்தாலும் நஷ்டமில்லை. கலங்கிய படத்துக்குக் கட்டிய காசு திரும்பி வராது.

ரிப்போர்ட் இரண்டு நாளில் வந்தது. இதயத்தின் முன்பக்கம் இறங்குகிற பிரதான குழாயின் ஆரம்பத்தில், கல்சியம் படிந்த இடத்தில், 70 முதல் 80 வீதம் ஒடுக்கம். காட்-ராட்ஸ் 4ஏ. இது வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன்: காட்-ராட்ஸ் என்பது 0 முதல் 5 வரை போகிற ஒரு வகைப்பாடு. 0 என்றால் படிவே இல்லை, 3 என்றால் 50 முதல் 69 வீதம், 4 என்றால் 70க்கு மேல், 5 என்றால் முழு அடைப்பு. படம் தெளிவில்லாத இடத்துக்கு ‘என்’ என்று தனியாக ஒரு குறியும் உண்டு. என் ரிப்போர்ட்டில் அந்தக் குறி இல்லை.

வைத்தியர் என்னோடு கதைத்தது ஐந்து நிமிடம் வரும். என் இலக்கம் முப்பதுக்கு மேல், வெளியே இன்னும் ஆட்கள். ‘முக்கியமான குழாய், வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, இந்தக் கிழமையே கம்பி விட்டு அஞ்சியோகிராம் செய்து அதே மேசையில் ஸ்டென்ட் வைத்துவிடுவோம்’ என்றார். கவுன்டரில் கேட்டபோது ஸ்டென்டோடு பத்து லட்சத்துக்குக் கிட்ட வரும் என்றார்கள். ஒரு லட்சம் முற்பணம் கட்டினேன். ‘கூட வந்தவங்க யார் மிஸ், கையெழுத்து வேணும்’ என்று கேட்டபோதுதான் தொண்டை அடைத்தது. யாரும் வரவில்லை என்று சொன்னேன். அன்றிரவு மகன் போனில், ‘அம்மா, காசைப் பற்றி யோசிக்காதேங்கோ, உடனே செய்யுங்கோ, நான் டிக்கட் போடுறன்’ என்று அழுதான். நானும் அழுதேன். படுத்தால் நெஞ்சில் கை வைத்துத் துடிப்பை எண்ணிக்கொண்டே கிடப்பேன். குளியலறைக் கதவைப் பூட்டாமல் குளித்தேன், விழுந்தால் யாராவது திறக்கட்டும் என்று. அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் ஒரு சாவியைக் கொடுத்து வைத்தேன்.

என்னைத் திருப்பியது என் தங்கையின் மகள். கனடாவில் ஸ்கான் எடுக்கிற வேலை. வட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டை அனுப்பியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, ‘பெரியம்மா, ஸ்கான் எடுக்கேக்க உங்கட ஹார்ட் ரேட் எவ்வளவு?’ 78 என்றேன். ‘கல்சியம் ஸ்கோர்?’ 438. ‘அப்ப அந்த எண்பது வீதத்தை உடனே நம்பாதேங்கோ. ஸ்கான் படம் பதிஞ்ச சீடித் தட்டை வாங்கிக்கொண்டு இன்னொரு டொக்டரிட்ட போங்கோ. பேப்பரை இல்ல, சீடியை.’

சீடி கேட்டுப் பெற இரண்டு தடவை அலைந்தேன். வழக்கமாகப் பிரிண்ட் எடுத்த படங்கள் சிலவற்றையும் பேப்பரையும்தான் கையில் தருகிறார்கள். அது போதாது. முழு ஸ்கானும் சீடியில் இருந்தால்தான் இன்னொருவர் திரும்ப ஓட்டிப் பார்க்க முடியும். ஸ்கான் செய்யும் அன்றைக்கே கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது வைத்தியர் அதைத் தன் கம்ப்யூட்டரில் போட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். குழாயின் ஆரம்பத்தில் வெள்ளையாக ஒரு கட்டி. ‘இது கல்சியம். சி.டி.யில கல்சியம் இருக்கிற அளவைவிடப் பெரிசாத் தெரியும்’ என்றார். மழை பிடித்த கண்ணாடிக்குள்ளால் தெருவிளக்கைப் பார்த்தால் அது வீங்கித் தெரியுமே, அப்படி. வீங்கிய வெள்ளை குழாயின் துவாரத்தை மறைத்துவிடுகிறது, ஒடுக்கம் உள்ளதைவிடக் கூடுதலாகக் கணக்காகிறது. பிறகு மவுஸை உருட்டிக் கொஞ்சம் கீழே போனார். குழாயின் ஓரம் இரட்டைக் கோடாக, படி மாதிரி வெட்டுப்பட்டுத் தெரிந்தது. ‘இது நோய் இல்லை அம்மா, உங்கட இதயம் ஆடினது.’ இன்னொன்றும் சொன்னார். அந்தக் குழாயின் விட்டம் மூன்று மில்லிமீற்றர் அளவு. 50 வீதம் ஒடுங்கினால் மிச்சம் ஒன்றரை மில்லிமீற்றர், 70 வீதம் ஒடுங்கினால் 0.9. வித்தியாசம் 0.6. சி.டி. பிரித்துப் பார்க்கக்கூடிய நுணுக்கமே அரை மில்லிமீற்றர் அளவுதான். இதைக் கேட்டபோது எனக்கு ஒரு கணக்காளராகவே விஷயம் புரிந்தது. கருவியின் பிழை எல்லைக்குள் கிடக்கிற ஒரு இலக்கத்தை வைத்துக்கொண்டுதான் நான் கையெழுத்து வைக்க இருந்தேன்.

அப்படியென்றால் சி.டி. அஞ்சியோகிராம் நம்பக்கூடாததா? இல்லை, இதைத் தவறாக எடுத்துவிடாதீர்கள். அது ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லும்போது மிகவும் நம்பகமானது. 2008இல் அமெரிக்காவில் 230 பேரை வைத்து, சி.டி.யையும் கம்பி விட்டுச் செய்கிற அஞ்சியோகிராமையும் ஒப்பிட்ட ‘அக்குரசி’ ஆய்வில், சி.டி. சுத்தம் என்று சொன்னவர்களில் 99 வீதமானவர்களுக்கு உண்மையிலேயே பாதிக்கு மேற்பட்ட அடைப்பு இருக்கவில்லை. ஆனால் சி.டி. ‘அடைப்பு உண்டு’ என்று சொன்னவர்களில் 64 வீதமானவர்களுக்கே அது சரியாக இருந்தது. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு வீண் பயம். கல்சியம் 400ஐத் தாண்டினவர்களிடம் இந்தப் பிழை இன்னும் கூடியது. நான் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். ஸ்கொட்லாந்தில் 4,146 பேரை 5 வருஷம் பின்தொடர்ந்த ஆய்வில், நெஞ்சு நோவுக்கு வழமையான பரிசோதனையோடு சி.டி.யும் செய்தவர்களில் இதய நோயால் இறந்தவர்களும் மாரடைப்பு வந்தவர்களும் 2.3 வீதம், செய்யாதவர்களில் 3.9 வீதம். ஸ்டென்ட் கூடுதலாக வைத்ததால் வந்த நன்மை அல்ல அது. படிவு இருப்பது தெரிந்து மருந்து தொடங்கியதுதான் காரணம் என்று கருதப்படுகிறது. படிவு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இது அருமையான கருவி. எத்தனை வீதம், அதனால் இதயத்துக்கு இரத்தம் குறைகிறதா என்ற கேள்விக்கு அது மட்டும் போதாது.

படத்தை மூடிவிட்டு அந்த வைத்தியர் செய்த காரியத்தை நான் மறக்க மாட்டேன். என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். ‘எப்ப கடைசியா எஃப்.பி.சி. செய்தனீங்கள்?’ எத்தனையோ ஆயிரம் ரூபாய்க்குச் சோதனைகள் செய்திருந்த எனக்கு, சில நூறு ரூபாய் வரக்கூடிய அந்த இரத்தப் பரிசோதனை செய்யப்படவே இல்லை. ஹீமோகுளோபின் 8.9, இருக்க வேண்டியதைவிட நன்றாகக் குறைவு. படியேறும்போது மூச்சு வாங்கியதற்கும் நெஞ்சு இறுகியதற்கும் அதுவே பெரிய காரணமாக இருக்கலாம் என்றார். மாதவிடாய் நின்ற வயதில் இரும்புச்சத்து இப்படிக் குறைந்தால் எங்கோ இரத்தம் போகிறது என்று அர்த்தமாம். எண்டோஸ்கோபி செய்ததில் இரைப்பையில் புண். முழங்கால் நோவுக்கு எழுதித் தரப்பட்ட வலிக்குளிசையால் வந்தது. ஸ்டென்ட் வைத்தால் இரத்தம் உறையாமல் வைக்கிற அஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் மாதக்கணக்கில் சேர்த்து எடுக்க வேண்டும், நிறுத்தவும் முடியாது. இரத்தம் கசிகிற புண்ணோடு அந்த இரண்டு குளிசையும் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது. அதனால் யாராவது உங்களை ஸ்டென்டுக்கு நாள் குறிக்கச் சொன்னால், எஃப்.பி.சி. செய்தாயிற்றா, வயிற்றுப்புண் இருக்கிறதா, எடுக்கிற வலிக்குளிசைகள் என்னென்ன என்பதைப் பேசாமல் நாள் குறிக்க வேண்டாம்.

முதல் ஆஸ்பத்திரியில் நாளை ரத்துச் செய்தேன். முற்பணத்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தர ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தார்கள். புண் ஆறி, இரும்புச்சத்து ஏறும் வரை காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பு லேசானதில்லை. ‘80 வீதம்’ என்று ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால், அது பிழையாக இருக்கலாம் என்று அறிவுக்குத் தெரிந்தாலும் மனம் நம்பாது. மகனும் நம்பவில்லை. அவனுக்கு வைத்தியரே போனில் விளக்கினார்: 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வில், நிலையான (திடீரென்று மோசமாகாத) நோய் உள்ள 5,179 பேரில், முதலிலேயே அஞ்சியோகிராம் செய்து ஸ்டென்டோ பைபாஸோ செய்தவர்களுக்கும், நல்ல மருந்தோடு தொடங்கியவர்களுக்கும், மரணத்திலும் மாரடைப்பிலும் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. நெஞ்சு நோ குறைவதில் ஸ்டென்ட் உதவியது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கிறவர்களுக்கோ, இடப்பக்கப் பிரதான தண்டுக்குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கோ, இதயம் பலவீனமானவர்களுக்கோ இது பொருந்தாது என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார்.

ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டிய பிறகு மணிக்கட்டால் கம்பி விட்டு அஞ்சியோகிராம் செய்தார்கள். போவதற்கு முன் நான் கேட்ட கேள்வி இதுதான்: ‘பிரஷர் வயர் இருக்கிறதா, அதற்குத் தனியாக எவ்வளவு?’ எல்லா இடத்திலும் அது கையிருப்பில் இருக்காது, விலையும் கூட. ஆனால் நடுத்தரமான ஒடுக்கத்தில் முடிவெடுக்க அது தேவை. ஒடுக்கத்துக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்து, பின்னால் இருப்பதை முன்னால் இருப்பதால் பிரித்து வரும் இலக்கம் 0.80க்கு மேல் இருந்தால் அந்த இடத்துக்கு ஸ்டென்ட் பொதுவாக வேண்டாம் என்று விடுவார்கள். எனக்குக் கண்ணால் பார்த்த ஒடுக்கம் 45 வீதம் அளவு. அளவீடு 0.87. மேசையிலேயே அதைச் சொன்னபோது என்னால் பதில் பேச முடியவில்லை. பணம் கட்ட வசதி இல்லாதவர்கள் தனியாருக்குக் கடன்பட்டு ஓட வேண்டாம், கொழும்பு தேசிய வைத்தியசாலையில் அஞ்சியோகிராமும் ஸ்டென்டும் இலவசமாகச் செய்கிறார்கள். வரிசை நீளம்தான், ஆனால் நிலையான நோய்க்குக் காத்திருக்கலாமா என்று வைத்தியரிடமே நேராகக் கேட்கலாம்.

எல்லாவற்றையும் சேர்த்தால் மூன்று லட்சத்துக்கு மேல் போய்விட்டது, சம்பளமில்லாத லீவு தனி. இன்சூரன்ஸ் கம்பனி கல்சியம் ஸ்கோரையும் சி.டி.யையும் வெளிநோயாளர் சோதனை என்று சொல்லி ஒரு சதமும் தரவில்லை. ஸ்கானுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வைக்க வேண்டியது அது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்கானைச் சந்தேகிக்கலாம், நோவைச் சந்தேகிக்கக் கூடாது. இருந்த இருப்பில் நெஞ்சு இறுகினாலோ, கைக்கோ தாடைக்கோ நோ ஏறினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, பழைய ரிப்போர்ட் என்ன சொன்னாலும் சனல் பண்ணிக்கொண்டு இருக்காமல் 1990க்கு அடியுங்கள். சுவ செரிய அம்புலன்ஸ் இலவசம், தனியாக இருக்கிறவர்களுக்கு அதுதான் துணை. என் போனில் அந்த இலக்கம் முதல் பக்கத்தில் இருக்கிறது.

இப்போது கொழுப்பைக் குறைக்கிற ஸ்டட்டின் வகை மருந்தான அட்டோவாஸ்டட்டின் 40 எடுக்கிறேன். கெட்ட கொழுப்பு 158இலிருந்து 66க்கு வந்திருக்கிறது. புண் காரணமாக அஸ்பிரினை வைத்தியர் இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறார். அடுத்த வருஷம் கல்சியம் ஸ்கோரைத் திரும்பச் செய்து குறைந்திருக்கிறதா பார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஸ்டட்டின் எடுக்கும்போது மென்மையான படிவு கெட்டியாகி உறைவதால் அந்த இலக்கம் கூடவும் செய்யலாம், அது கூடினால் நான் திரும்பவும் நித்திரை கொள்ள மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.